சாலை இல்லாத பயணக் கட்டுரைகள்

ஓணம் நெருங்கும் வாரங்களில் திருவனந்தபுரத்தின் வாகன விற்பனையகங்கள் எழுத்தாளர்களாகிவிடுகின்றன. கேரளத்தில் புது வண்டி அதிகம் விற்கும் காலம் அது. எனவே விலைப்பட்டியலோடு ஒரு பயணக் கட்டுரையும் சேர்ந்து வருகிறது. வார இறுதிக்குப் பொன்முடி, இரண்டு நாள் விடுமுறைக்கு வர்க்கலை, குடும்பத்தோடு கன்னியாகுமரி, நண்பர்களோடு போணக்காடு. கார் விற்பவர், டயர் விற்பவர், மோட்டார் சைக்கிள் விற்பவர், பழைய வண்டி வாங்கி விற்பவர் என எல்லோரும் இப்போது பயணம் எழுதுகிறார்கள். எழுதட்டும். வண்டியை விற்பவர் வழியைப் பற்றிப் பேசுவது நியாயமே. அவர்கள் உண்மையில் வழியைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே கேள்வி.

பெரும்பாலும் இல்லை. இக்கட்டுரைகளில் புறப்படும் இடம் உண்டு, சேரும் இடம் உண்டு, பளபளக்கும் வண்டி உண்டு. நடுவிலுள்ள சாலை இல்லை. சாலையில் பெய்யும் மழை இல்லை, எதிரே வரும் பேருந்து இல்லை, ஓரத்தில் நடக்கும் மனிதர் இல்லை. சாலையைப் பற்றி மற்றெவரையும்விட அதிகம் அறிந்திருக்க வேண்டிய தொழில், எழுத உட்கார்ந்ததும் சாலையை அழித்துவிடுகிறது. இதை ரசனைக் குறை என்று சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாது. பொறுப்பைக் கைகழுவும் வேலை இது. அதன் தடயம் வாக்கிய அமைப்பிலேயே பதிந்திருக்கிறது.

இத்தகைய கட்டுரை ஒன்றின் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்து எழுதிப் பார்க்கலாம். கிளம்புங்கள், தேடுங்கள், மறந்துவிடுங்கள், அனுபவியுங்கள் என்று ஏவல் வினைகள் வரிசையாக வரும். தேடித் தேடிப் பார்த்தாலும் அகப்படாதது நிபந்தனை எச்சம். ‘மழை பெய்தால்’, ‘பிரேக் சூடேறினால்’, ‘மூடுபனி இறங்கினால்’, ‘வழி அடைபட்டிருந்தால்’ என்னும் வடிவங்கள் அங்கே இரா. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது ‘செயின்’ என்பதற்கும் ஓர் இடம் தந்திருக்கிறது. இன்றைய தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் ‘ஆல்’ விகுதி செய்கிறது. உலகம் ஒருவரின் விருப்பப்படி மட்டும் நடப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் இலக்கண வடிவம் அது. சமையற் குறிப்பில் ‘ஆல்’ உண்டு, மருந்துச் சீட்டில் உண்டு, உழவர் பேச்சில் நிறைய உண்டு. வழிகாட்டி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பனுவலில் அது இல்லையென்றால், அந்தப் பனுவல் வழிகாட்ட வரவில்லை என்றே பொருள்.

வாகனத் தொழில் பயணம் எழுதுவது புதிதன்று. இத்துறையின் புகழ்பெற்ற முன்னோடி 1900இல் பிரான்சில் வெளிவந்த மிஷலின் வழிகாட்டி. கிளேர்மோன் ஃபெரான் நகரில் டயர் செய்துவந்த ஆந்த்ரே, எதுவார் மிஷலின் சகோதரர்கள் அதை வெளியிட்டார்கள். அப்போது பிரான்சு முழுவதிலும் ஓடிய கார்கள் 3,000க்கும் குறைவு. ஆயினும் 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். நோக்கம் வெளிப்படையான வணிகந்தான். மக்கள் அதிகம் ஓட்டினால் டயர் அதிகம் தேயும். தேய்ந்தால் புது டயர் விற்கும். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருந்தவை எவை? டயரைக் கழற்றி மாட்டும் முறை, பழுது பார்ப்போர் இருக்கும் ஊர்கள், எரிபொருள் கிடைக்கும் இடங்கள், வரைபடங்கள், தங்கும் விடுதிகள். வண்டி நடுவழியில் நின்றுபோகும் என்ற உண்மையை ஒப்புக்கொண்ட புத்தகம் அது. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘நின்றால்’, ‘வெடித்தால்’, ‘தீர்ந்தால்’ என்னும் கவலையின் மேல் கட்டப்பட்டது. உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் வழக்கம் 1926இல்தான் தொடங்கியது. இன்றைய வாகன விற்பனையகங்கள் அந்த நட்சத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, டயர் மாற்றும் பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட்டன.

பொன்முடியையே எடுத்துக்கொள்ளலாம். நகரிலிருந்து வெள்ளையம்பலம், பேரூர்க்கடை, நெடுமங்காடு, சுள்ளிமானூர், விதுரை, கல்லாறு வழியாகச் செல்லும் பாதை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கல்லாறுக்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். விற்பனையகக் கட்டுரைகள் இந்த 22 என்ற எண்ணை மட்டும் சொல்லத் தவறுவதில்லை. அதை ஒரு விருதுபோலச் சொல்லிவிட்டு மேகத்துக்குப் போய்விடுகின்றன. அந்த வளைவுகளில் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் தகுதி அவர்களுக்கே உண்டு. ஆனால் அவர்கள் சொல்வதில்லை.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், தகடும் பட்டையும் சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் திரவம் நாள்பட ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் ஏறிய திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதி கால்விட்டு உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுதான். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டியாக இருந்தால் தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்கும் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சார வண்டியாக இருந்தால் இன்னொரு நுணுக்கம் உண்டு. மின்கலம் முழுவதும் நிரம்பிய நிலையில் இறங்கத் தொடங்கினால், சக்கரச் சுழற்சியிலிருந்து மின்னாற்றலை மீட்டு வேகத்தைக் குறைக்கும் அமைப்பு முழுதாக வேலை செய்யாது. மீட்ட ஆற்றலைச் சேர்த்துவைக்க அதற்கு இடமில்லை. மூடுபனியில் உயர் ஒளி விளக்கைப் போட்டால் ஒளி பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணையே மறைக்கும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால், தேங்கிய நீரின் மேல் சக்கரம் மிதக்கும். குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டியே ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. கன மழையில் மண் சரிந்தால் பொன்முடிப் பாதை மூடப்படுவதுண்டு. கல்லாற்றின் தெளிந்த நீர் ஆழத்தை மறைத்துப் பல உயிர்களை வாங்கியிருக்கிறது.

மேலே உள்ள பத்தியில் எத்தனை ‘ஆல்’ இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அதில் ஒன்றுகூட இரகசியமன்று. ஒவ்வொரு விற்பனையகத்தின் பின்புறமும் எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிற்கும் தொழிலாளி இதையெல்லாம் அறிந்திருக்கிறார். முன்புறத்தில் எழுதுபவர் பின்புறத்துக்கு ஒரு முறை நடந்துபோய்க் கேட்டிருந்தால் கட்டுரை வேறாக இருந்திருக்கும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள் என்று ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. இத்தனை பேரைக் கொல்லும் ஒரு வெளியைப் பற்றி எழுதும்போது, அதில் எச்சரிக்கையாக ஒரு வரிகூட இல்லாமல் பார்த்துக்கொள்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

இந்திய விளம்பரத் தர மன்றம் வாகன விளம்பரங்களுக்கென்றே நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. போக்குவரத்து விதிமீறலைக் காட்டக் கூடாது. ஆபத்தான ஓட்டத்தைத் தூண்டும் வகையில் வேகத்தைக் காட்டக் கூடாது. விளம்பரப் படங்களில் இதை ஓரளவு மதிக்கும் தொழில், பயணக் கட்டுரை என்னும் வேடத்தில் வரும்போது அந்தக் கட்டுப்பாட்டைக் கழற்றிவைத்துவிடுகிறது. ‘வளைவுகளை வெல்லுங்கள்’ என்ற தொனி கட்டுரையில் தாராளமாக வரலாம், ஏனெனில் அது ‘அனுபவம்’. வண்டியை இலவசமாகக் கொடுத்து ஒருவரை அனுப்பிவைத்து, அவர் எழுதியதைத் தற்செயலான பயண நினைவுபோல வெளியிடும் வழக்கமும் பரவிவிட்டது. பொருள் உறவு இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட கையேடு கூறுகிறது. ஒரு பனுவல் எதை விற்கிறது என்பதை வாசகர் அறியாதபடி செய்வது நடைநயம் ஆகாது.

அடுத்தது ஊர்ப்பெயர்கள். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்காகத் தமிழிலும் இக்கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் கோவளம் ‘கோவலம்’ ஆகிறது, ஆற்றுகால் ‘அட்டுக்கல்’ ஆகிறது, ஆற்றிங்கல் ‘அட்டிங்கல்’ ஆகிறது, நெய்யாற்றின்கரை ‘நெய்யாட்டின்கரா’ ஆகிறது. எழுத்துப்பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பிழைக்கு ஒரு பாதை இருக்கிறது. மலையாளத்தின் றகர இரட்டிப்பும் டகர இரட்டிப்பும் ஆங்கில எழுத்தில் ஒரே வடிவம் பெறுகின்றன. நெய்யாற்றின்கரையில் இருப்பது ற்ற; காட்டாக்கடையில் இருப்பது ட்ட. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே கோலம். மலையாளத்தை அடுத்த வீட்டில் வைத்துக்கொண்டே, தமிழ்ப் பனுவல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்பதற்கு இந்தச் சிதைவே சாட்சி. எழுதியவர் அந்த ஊரின் பெயர்ப்பலகையைப் பார்த்ததில்லை. பேருந்தில் நடத்துநர் அதைக் கூவக் கேட்டதில்லை.

இழப்பு உச்சரிப்போடு முடிவதில்லை. நெய்யாற்றின் கரை என்று எழுதினால் ஒரு தமிழ் வாசகருக்கு அங்கே நெய்யாறு ஓடுகிறது என்பது பெயரிலேயே விளங்கிவிடும். கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 66இல் பயணம் செய்பவர் எந்த ஆற்றுப் பக்கம் வந்திருக்கிறார் என்பதை அந்தப் பெயர் சொல்லித் தருகிறது. ‘நெய்யாட்டின்கரா’ எதையும் சொல்லாது. நிலத்தின் பெயரை ஒலிக்கூளமாக்கிவிட்டு அதே நிலத்தை ‘உணருங்கள்’ என்று அழைப்பது வேடிக்கை.

இக்கட்டுரைகளுக்குப் பிடித்தமான மற்றொரு தொடர் ‘யாரும் அறியாத இடம்’. யார் அறியாத இடம்? அகத்தியமலைக் காடுகளில் காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையின் பயனைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1987இல் காணி மக்களோடு காட்டில் நடந்தபோதுதான் அறிந்தார்கள். அதிலிருந்து உருவான மருந்தின் வருவாயில் அம்மக்களுக்குப் பங்கு அளிக்கப்பட்டது, பழங்குடி அறிவுக்குப் பயன்பகிர்வு என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. அந்தக் காட்டை ‘யாரும் அறியாதது’ என்று எழுதுபவர், காணிகளை ‘யாரும்’ என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்துகிறார்.

போணக்காட்டின் கதை இன்னும் கசப்பானது. தேயிலைத் தோட்டம் நலிந்து, கூலியும் நிலுவையும் கிடைக்காமல், இடிந்த லயங்களில் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மலை அது. ஆனால் வண்டியோட்டிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் அது ‘பேய் பங்களா’ இருக்கும் ஊர். இரவில் போய் இன்ஜினை அணைத்துவிட்டு அமைதியைக் கேட்க வேண்டுமாம். தோட்டத்து மேலாளர் ஒரு காலத்தில் வாழ்ந்த பங்களாவுக்குக் கற்பனைப் பேய் கிடைத்துவிட்டது. கண்ணெதிரே லயத்தில் வாழும் மனிதர்களுக்கு அரை வாக்கியம் கிடைக்கவில்லை. டயர்க் கடைக்காரர்களும் இவ்வகையே. நெடுமங்காட்டிலிருந்து விதுரை வரை சாலையின் இரு மருங்கிலும் ரப்பர் மரங்கள். இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு கேரளத்திலிருந்து வருகிறது. விடியுமுன் எழுந்து பட்டை சீவிப் பால் எடுப்பவரின் உழைப்பு, எங்கோ ஓர் ஆலையில் சக்கரமாகி, அதே சாலைக்குத் திரும்பி வருகிறது. டயர் விற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பயணக் கதை வேறென்ன வேண்டும்? அவர் எழுதுவதோ மேகத்தைப் பற்றி.

எல்லாவற்றுக்கும் மேலான மறதி ஒன்று உண்டு. ‘சாலை என்றால் சுதந்திரம்’ என்பது வாகன வணிகத்தின் தேய்ந்த முழக்கம். இந்த நகரில் அதை எழுதுபவருக்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1893இல் வெங்ஙானூரில் அய்யன்காளி வெள்ளுடை உடுத்து, இரட்டைக் காளை பூட்டிய வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். புலையர் வண்டியில் போவது இருக்கட்டும், பல பாதைகளில் நடக்கவே கூடாது என்றிருந்த காலம். மறித்தவர்களை எதிர்த்து நின்று அந்த வண்டி போயிற்று. நெடுமங்காட்டுச் சந்தைக்குள் நுழையும் உரிமைக்கும் அவர் தலைமையில் போராட வேண்டியிருந்தது. வைக்கத்தில் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் எல்லோரும் நடப்பதற்காக 1924 மார்ச் 30இல் தொடங்கிய சத்தியாகிரகம் 1925 நவம்பர் வரை நீண்டது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதற்காக இரண்டு முறை சிறை சென்றார். அய்யன்காளியின் சிலை வெள்ளையம்பலம் சந்திப்பில் நிற்கிறது. பொன்முடிக்குப் போகும் கார்கள் அந்தச் சிலையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. திருவனந்தபுரத்தில் வண்டி, சாலை, சுதந்திரம் ஆகிய மூன்று சொற்களையும் ஒரே வாக்கியத்தில் வைக்க முற்படும் எவரும், அந்த வாக்கியத்தை முதலில் எழுதிய வில்வண்டியைக் குறிப்பிடாமல் இருப்பது வெறும் அறியாமையா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு இரண்டு மறுமொழிகள் வழக்கமாக வரும். முதலாவது, ‘இது விளம்பரந்தானே, இதை யார் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள்?’ என்பது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லையென்றால் அதற்கு ஏன் பணம் செலவிடுகிறார்கள்? முதல் வண்டி வாங்கிய மகிழ்ச்சியில், மலையில் ஒருமுறைகூட ஓட்டியிராத ஓர் இளைஞர், விற்றவரே பரிந்துரைத்த பாதை என்று நம்பித்தான் மறுநாள் கிளம்புகிறார். விற்றவரின் சொல்லுக்குப் பிறர் சொல்லுக்கு இல்லாத எடை உண்டு.

இரண்டாவது, ‘ஆபத்தைப் பேசினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்’ என்பது. மிஷலின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. பழுதைப் பேசிய புத்தகம் ஒரு நூற்றாண்டைத் தாண்டி வாழ்கிறது. அவ்வளவு தொலைவும் போக வேண்டியதில்லை, தம்பானூருக்குப் போனால் போதும். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் தன் பேருந்துச் சேவையைத் தொடங்கியபோது முதல் வழித்தடங்களில் ஒன்று திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சென்றது. அந்தச் சேவையின் வழிவந்த கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம், மக்கள் ‘ஆனவண்டி’ என்று செல்லமாக அழைக்கும் அதே கழகம், 2021இன் இறுதியில் குறைந்த கட்டணச் சுற்றுலாப் பயணங்களைத் தொடங்கியது. மூணாறு, மலக்கப்பாறை என்று பேருந்துகள் நிரம்பின. அதன் அறிவிப்புகளில் அலங்காரம் குறைவு. எத்தனை மணிக்குப் புறப்பாடு, எங்கே உணவு, என்ன கட்டணம், எத்தனை மணிக்குத் திரும்புதல் என்பன இருக்கும். மலைப்பாதை அறிந்த ஓட்டுநர் இருப்பார். சொந்த வண்டி இல்லாதவரும் மலை பார்த்துத் திரும்பினார். கடன் சுமை தலைக்கு மேல் இருக்கும் ஒரு கழகம் நேர்மையான தகவலை வைத்தே பயணிகளை ஈர்க்க முடிந்தது என்றால், கண்ணாடி மாளிகை விற்பனையகங்களுக்கு மட்டும் அது ஏன் இயலாது?

தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான ஒரு செல்வம், கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் பன்மையும் சேர்க்காத பன்மையும் தனித்தனியே இருப்பது. நாம், நாங்கள், நம்மள், ஞங்ஙள். வாகன வணிகத்தின் பயண எழுத்தில் ‘நீங்கள்’ உண்டு, அது ஓட்டுபவர். ‘நாங்கள்’ உண்டு, அது நிறுவனம். ‘நாம்’ இல்லை. வளைவில் எதிரே வரும் பேருந்தின் ஓட்டுநர், ஓரத்தில் விறகுக்கட்டோடு நடக்கும் பெண், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், லயத்தின் வாசலில் நிற்பவர், ரப்பர்ப் பால் வாளியோடு மிதிவண்டியில் போகிறவர் ஆகிய எல்லோரும் அடங்கும் சொல் அது. சாலை என்பதே அந்தச் சொல்லின் இடம். அதை எழுத்திலிருந்து நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு வண்டியும் ஒரு காட்சியும்.

ஆகவே இந்த ஓணத்துக்கு வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். கையில் திணிக்கப்படும் பயணக் கையேட்டை அங்கேயே பிரித்து வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் கேளுங்கள். இந்தப் பாதையில் மழைக்காலத்தில் வழி அடைபட்டால் மாற்றுவழி எது? இந்த வண்டி இறக்கத்தில் எந்தக் கியரில் வர வேண்டும்? பிரேக் திரவம் எப்போது மாற்ற வேண்டும்? வண்டி நின்றுவிட்டால் விதுரைக்கும் பொன்முடிக்கும் நடுவில் யார் உதவிக்கு வருவார்? இதை எழுதியவர் அங்கே போயிருக்கிறாரா? விடை தெரியாமல் அவர் விழித்தால், பின்கட்டில் வேலை செய்யும் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுக் கையேட்டை அவரைக் கேட்டு எழுதும்படியும் சொல்லிவிட்டு வாருங்கள்.